டாக்டர் அரசியலுக்கு வரலாமா? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருவாய்த்துறையில் தேர்தல் பிரிவில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு டாக்டர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று பேச்சு கிளம்பினால் போதும், யாராவது ஒருவர் சந்தேகம் கேட்க வந்துவிடுவார். டாக்டரே வருவார், அவர் வீட்டம்மா வருவார், சில சமயம் அவரிடம் மருந்து வாங்கும் நோயாளியும் வருவார். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

டாக்டர் எம்.எல்.ஏ.வுக்கு நிக்கணும்னா தனியா ஏதாவது தகுதி வேணுமா?

வேண்டாம். எல்லோருக்கும் உள்ள தகுதிதான். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். காரைக்குடியில் ஓட்டு உள்ளவர் திருமயத்தில் நிற்கலாம், தடையில்லை. டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. எம்.பி.பி.எஸ். பட்டம் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

படிச்சு முடிக்கவே பாதி வயசு போயிடுதே சார், அப்புறம் எப்போ அரசியல்?

எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம், மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம். நீட்டுக்குத் திரும்பத் திரும்ப உட்கார்ந்த வருடங்களையும் சேர்த்தால் முப்பதைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஊரில் பெயர் எடுக்கப் பத்து வருடமாவது வேண்டும்.

அந்தப் பத்து வருடத்தை வீணான காலமாக நான் நினைக்கவில்லை. ஒரு தாலுகாவில் யாருக்கு எந்தத் தண்ணீர் வருகிறது, எந்த ஊரில் பேருந்து நிற்பதில்லை, எந்த வீட்டில் கடன் இருக்கிறது என்பதெல்லாம் ஓ.பி.யில் (புறநோயாளிப் பிரிவில்) உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குத் தெரிகிற அளவு கட்சி ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

நம்ம பக்கத்துல இருந்து அப்படி யாராவது போயிருக்காங்களா?

போயிருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண்ணே நம் பக்கத்துக்காரர்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்துக்கொண்டிருந்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே இடம் வாங்கிப் படித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றார். 1926-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அவையின் துணைத் தலைவராகவும் தேர்வானார். பட்டம் வாங்கியதற்கும் அவைக்குள் நுழைந்ததற்கும் இடையே 14 வருடம் ஓடியிருக்கிறது. போன கேள்வியைக் கேட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவையில் அவர் எடுத்துப் போராடியது தேவதாசி முறை ஒழிப்பு. அது முழுச் சட்டமாக வந்தது 1947-ல். 1930-ல் காந்தி கைதானதை எதிர்த்து அவர் பதவியையே விட்டுவிட்டார். அதே வருடம் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனை அவரை விடவில்லை. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது அப்படித்தான். நாலு வருடப் பதவி, அதற்குப் பின் பல பத்தாண்டு வேலை. அரசியலுக்கு வர நினைக்கும் டாக்டர் யாராக இருந்தாலும் முதலில் இவர் வாழ்க்கையைப் படிக்கச் சொல்வேன்.

திருச்சி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனையும் சொல்ல வேண்டும். 1930-ல் ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது இவர் வீட்டிலிருந்துதான். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்துக்கு அமைச்சரானார். அந்த ஆட்சியில் வந்த 1939-ம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் என எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. சட்டம் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

கவர்மென்ட் டாக்டரா இருந்துகிட்டே நிக்கலாமா? லீவு போட்டா போதாதா?

போதாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலையே தடுக்கின்றன. அரசியலமைப்பின் 191-வது பிரிவு, அரசில் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் உறுப்பினராக முடியாது என்கிறது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் ஆகாது, அது ஏற்கப்பட்டு உத்தரவு கையில் இருக்க வேண்டும். வேட்புமனு தாக்கல் செய்யும் முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ, மேற்படிப்புக்கு எழுதிக் கொடுத்த பாண்டு (இத்தனை வருடம் அரசு வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) காலம் முடியாமல் இருந்தாலோ அந்த உத்தரவு வரத் தாமதமாகும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் கோப்பு நகராது. ஒரு வருடம் முன்பே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களும் வேலையை விட்டுவிட்டு நிற்பதே பாதுகாப்பு.

கணவர் நிற்கிறார், மனைவி அரசு டாக்டர் என்றால் மனைவியின் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் பிரசாரத்துக்குப் போகக் கூடாது. மேடையில் போய் உட்காருவதும் சிக்கல்தான்.

எங்க டாக்டர் கைராசிக்காரர், ஊரே அவர்கிட்டதான் போகுது. கண்ண மூடிக்கிட்டு ஜெயிச்சிருவாருல்ல?

எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். காரைக்குடியில் பெயர் பெற்ற ஒரு டாக்டரின் ஓ.பி.யில் காத்திருப்பவர்களிடம் ஊர் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கோனாபட்டு, ஒருவர் அறந்தாங்கி, ஒருவர் திருவாடானைப் பக்கம் என்பார். அவர்கள் ஓட்டு முறையே திருமயம், அறந்தாங்கி, திருவாடானைத் தொகுதிகளில் விழும். காரைக்குடி தாலுகாவிலேயே ஒரு பகுதி திருப்பத்தூர் தொகுதியில் இருக்கிறது. வாசலில் நிற்கும் செருப்புகளை எண்ணி ஓட்டுக் கணக்குப் போட முடியாது.

உள்ளூர்க்காரர் என்றாலும் டாக்டரை மதிப்பது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. மூன்று தலைமுறையாக ஒரே சின்னத்துக்குக் குத்தும் குடும்பம், பிள்ளையின் காய்ச்சலைக் குணமாக்கிய டாக்டருக்காகச் சின்னத்தை மாற்றாது. மாற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஓட்டைக் கொண்டுவந்து சேர்ப்பது பூத் கமிட்டி. வாக்குச்சாவடிக்குச் சாவடி, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிற பத்துப் பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

டாக்டர் எச்.வி. ஹண்டே 1980-ல் சென்னை அண்ணா நகரில் மு. கருணாநிதியை எதிர்த்து நின்று 699 ஓட்டில் தோற்றார். அவ்வளவு பெரிய தலைவருக்கு எதிராக அது பெரிய போட்டி. ஆனால் டாக்டர் என்பதாலேயே ஓட்டுகள் குவிந்துவிடுவதில்லை என்பதும் அதில் தெரிகிறது. அதன் பிறகு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் பல ஆண்டுகள் அவர் சுகாதார அமைச்சராக இருந்தார்.

டாக்டரம்மாவா இருந்தா கொஞ்சம் வசதிதானே?

வீட்டுக்குள் நுழைகிற வசதி உண்டு. பிரசவம் பார்த்த டாக்டரம்மாவை வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டு வரை கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள், மற்ற வேட்பாளர்கள் முகப்போடு நின்றுவிடுவார்கள். மகப்பேறு மருத்துவரான பூங்கோதை ஆலடி அருணா 2006-ல் ஆலங்குளத்தில் வென்று அமைச்சரானார். இன்னொரு மகப்பேறு மருத்துவரான தமிழிசை சௌந்தரராஜன் பல தேர்தல்களில் தோற்றும் விடாமல் நின்றவர், 2019-ல் தெலங்கானா ஆளுநரானார். ஆக, வீட்டுக்குள் கிடைக்கும் வரவேற்பு சில இடத்தில் ஓட்டாகிறது, சில இடத்தில் ஆவதில்லை.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருப்பதால் அங்கே தொடங்குவது எளிது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. வார்டு உறுப்பினராகத் தொடங்கச் சொன்னால் ஆண் டாக்டர்கள் பலருக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. மழைக்காலத்தில் டைபாய்டு, வயிற்றுப்போக்கு என்று கிளினிக்கில் கூட்டம் கூடுவதற்கான காரணம் தண்ணீர்க் குழாயிலும் சாக்கடையிலும் இருக்கிறது. சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பெருமையாகப் பேசும் ஊரில் அந்த ஊற்றைக் காப்பாற்றும் அதிகாரம் நகராட்சி மன்றத்தில்தான் முதலில் இருந்தது. இப்போது மாநகராட்சியில்.

கட்சியில சேரணுமா, சுயேச்சையா நிக்கலாமா?

நிற்கலாம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். கடைசி நேரத்தில் கிடைத்த சின்னத்தை இரண்டே வாரத்தில் கண்ணங்குடிப் பக்கத்துக் கிராமம் வரை கொண்டு சேர்ப்பது எவ்வளவு சிரமம் என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தனியாகவே இயக்கம் கட்டிய டாக்டர்களும் உண்டு. திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ச. இராமதாசு 1980-ல் வன்னியர் சங்கத்தையும் 1989-ல் பாட்டாளி மக்கள் கட்சியையும் தொடங்கினார். கோவையில் மருத்துவரான க. கிருஷ்ணசாமி 1996-ல் ஓட்டப்பிடாரத்தில் வென்றார், புதிய தமிழகம் கட்சியை நிறுவினார். இவர்களோடு உடன்படலாம், உடன்படாமல் போகலாம். இரண்டு பேருமே கிளினிக் பெயரை நம்பி இறங்கவில்லை. முதலில் மக்களைத் திரட்டினார்கள், பிறகுதான் தேர்தல்.

எவ்வளவு ஆகும்? ஆஸ்பத்திரிய அடமானம் வைக்கணுமா?

வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் செய்யும் செலவுக்கு 2022 முதல் உள்ள உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். மனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரையிலான செலவு இதில் வரும். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் தகுதி நீக்கம் செய்யலாம். கடன் வாங்கி நின்றவர் ஜெயித்தால் அந்தக் கடனை எங்கிருந்து அடைப்பார் என்ற கேள்விக்கு நல்ல பதில் எதுவும் இல்லை. அதனால்தான் அடமானம் வேண்டாம் என்கிறேன்.

தேர்தல் நேரத்துல இலவச மருத்துவ முகாம் வச்சா நல்ல பேருதானே?

நல்ல பெயர் அல்ல, வழக்கு வரும். வாக்காளருக்குப் பொருளோ சலுகையோ கொடுத்து ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் லஞ்சம். இலவசக் கண்ணாடியும் மருந்தும் அதில் அடங்கும் என்று எதிர்த்தரப்பு புகார் கொடுத்தால், முகாம் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும், வெற்றியே கேள்விக்குள்ளாகும்.

வழக்கமான ஓ.பி. நடக்கட்டும், வழக்கமான கட்டணத்தோடு. ஏழைகளிடம் எப்போதும் காசு வாங்காதவர் அதே மாதிரி தொடரலாம், அறிவிப்புப் பலகை மட்டும் வைக்க வேண்டாம். மருந்துச் சீட்டில் சின்னம் போடுவது, கம்பவுண்டரைத் துண்டுப் பிரசுரம் கொடுக்கச் சொல்வது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கையில் நாடி கொடுத்திருக்கிற மனிதரிடம் ஓட்டுக் கேட்கக் கூடாது. அவரால் மறுத்துப் பேச முடியாது.

நோயாளிங்க நம்பர் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் தட்டிவிட்டா என்ன தப்பு?

பெரிய தப்பு. வைத்தியத்துக்குக் கொடுத்த எண் வைத்தியத்துக்கு மட்டும்தான். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவ ஒழுக்க விதிகளில் உள்ள கடமை. அந்தப் பட்டியல் கட்சிக்காரர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மனநல மருத்துவரிடம் யார் போனார்கள், குழந்தை இல்லை என்று யார் வந்தார்கள், காசநோய்க்கு யார் மாத்திரை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு சேர்ந்தே போகும். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும்போது மூன்று ஊர் விசாரிக்கிற சீமை இது. ஒரு பெயர் கசிந்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணம் நின்றுபோகும்.

கட்சியின் ஐ.டி. பிரிவு கேட்கும், கட்டாயம் கேட்கும். கொடுக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கிற டாக்டருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

ஜெயிச்ச பிறகு பிராக்டிஸ் பண்ணலாமா?

எம்.எல்.ஏ.வாக மட்டும் இருந்தால் பண்ணலாம், தடையில்லை. வக்கீல்கள் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2018-ல் எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் தொழில் செய்வதைத் தடுக்க மறுத்துவிட்டது. ஆனால் அரசு மருத்துவமனையில் சம்பளம் வாங்கும் பொறுப்பு எதையும் ஏற்கக் கூடாது. அரசு டாக்டர் பற்றிய கேள்வியில் சொன்ன 191-வது பிரிவு ஜெயித்த பிறகும் பொருந்தும். அமைச்சரானால் தொழிலை விட்டு விலகுவதே முறை.

நடைமுறையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. எம்.எல்.ஏ.வின் கிளினிக்கில் மனு கொடுக்க வருபவர் எண்பது பேர் என்றால் உண்மையான நோயாளி இருபது பேர்தான் இருப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனி இடம், தனித்தனி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரே சுகாதார அமைச்சரானா எல்லாம் சரியாயிடுமே?

யாரை அமைச்சராக்குவது என்பது முதலமைச்சர் கையில். 234 உறுப்பினர் உள்ள அவையில் 35 பேருக்கு மேல் அமைச்சரவையில் இருக்க முடியாது. டாக்டராக இருப்பது சேர்க்கப்படக் காரணமாகலாம், உரிமையாகாது. மேலே சொன்ன ராஜனும் ஹண்டேயும் டாக்டர்கள். பக்கத்து விராலிமலைத் தொகுதியின் சி. விஜயபாஸ்கரும் டாக்டர், 2013 முதல் 2021 வரை அந்தத் துறையைப் பார்த்தார். 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் டாக்டர் அல்ல.

அந்த நாற்காலிக்கு வேண்டிய அறிவு வேறு. எந்த மாவட்டத்துக்கு எத்தனை மருந்து, யார் கொள்முதல் செய்வது, யாரை எங்கே மாற்றுவது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்ததே, அதன் பலன் எந்த ஒரு கைராசியையும் விடப் பெரியது. அதை நடத்துவது கணக்கும் கிடங்கு நிர்வாகமும். டாக்டர் இதைக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எம்.எல்.ஏ. ஆனா நம்ம ஆஸ்பத்திரிக்கு டாக்டரக் கொண்டு வந்துருவாரா?

கட்டடம் கொண்டு வருவது எளிது. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். அதில் கட்டடம் கட்டலாம், கருவி வாங்கலாம். ஒரு டாக்டருக்கோ ஒரு நர்ஸுக்கோ சம்பளம் கொடுக்க முடியாது. புதுப் பணியிடம் வேண்டுமென்றால் நிதித்துறை ஒப்புதலோடு அரசாணை வர வேண்டும். ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். எடுத்தவர் கலந்தாய்வில் நம் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தாலும் ஒரு வருடத்தில் மாறுதல் கேட்காமல் இருக்க வேண்டும். ஸ்கேன் இயந்திரம் இருந்தும் இயக்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் அறைக்குக் காரணம் இந்தச் சங்கிலியில் எங்கோ ஓரிடம் அறுந்திருப்பதுதான்.

அது எங்கே அறுந்தது என்று ஒரு டாக்டர் எம்.எல்.ஏ.வுக்குத்தான் சட்டென்று புரியும். மயக்க மருந்து டாக்டர் இல்லாவிட்டால் அறுவை அரங்கே வீண் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கேள்வி நேரத்தில், துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில், ‘காரைக்குடி அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எத்தனை மாதமாகக் காலி’ என்று எண்ணோடு கேட்டு, பதிலை அவைக் குறிப்பில் ஏற்றிவிட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும். டாக்டர்கள் அவைக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இந்த ஒரு வேலைக்காகத்தான்.

ஒரு காலத்தில் விபத்து என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். 2012-ல் சிவகங்கையிலும், 2017-ல் புதுக்கோட்டையிலும், 2022-ல் ராமநாதபுரத்திலும் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. கட்டடம் வந்துவிட்டது. அதற்குள் ஆள் இருக்க வைப்பதுதான் இனி அரசியல்.

நம்ம ஊர்ல நல்ல டாக்டரே கம்மி. இருக்கிறவரும் போயிட்டா நாங்க எங்க போறது?

தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு, கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் ஒரே டாக்டர் பிரசாரத்துக்குப் போய்விட்டால் நஷ்டம் உடனே தெரியும். அவர் சட்டமன்றத்தில் பேசுவதால் வரும் லாபம் வர வருடங்கள் ஆகும்.

ஆகவே டாக்டர்களிடம் நான் சொல்வது: தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பே ஒரு இளைய டாக்டரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சர்க்கரை, இதய நோய், வலிப்பு என்று நீண்டகால மருந்து எடுப்பவர்களை ஒவ்வொருவராக அவரிடம் அறிமுகப்படுத்துங்கள். கையெழுத்து புரியாத பழைய சீட்டுகளைத் திருத்தி எழுதிக் கொடுங்கள். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்தத் தேர்தலை விட்டுவிடலாம், அடுத்தது ஐந்து வருடத்தில் வரும். ஆள் வைத்துவிட்டுப் போகிற டாக்டரை, நோயாளிகளும் பெரிய மனதோடு அனுப்பி வைக்க வேண்டும்.

தோத்துட்டா? எதிர்க்கட்சிக்காரன் அப்புறம் நம்மகிட்ட வைத்தியத்துக்கு வருவானா?

வருவார், நீங்கள் பிரசாரத்தில் எப்படிப் பேசினீர்கள் என்பதைப் பொறுத்து. ஆளை விட்டுவிட்டுப் பிரச்சினையைப் பேசியவரிடம் வரத் தயக்கம் இருக்காது. சாதியை இழுத்துப் பேசியவரிடம் ஒரு தெரு முழுக்க வராமல் போகலாம். அதற்கு அந்தத் தெருவைக் குறை சொல்ல முடியாது.

முடிவு வந்த மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு ஓ.பி.யைத் திறந்துவிடுங்கள். கிளினிக் சுவரில் கொடி, படம் ஏதாவது இருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உங்களுக்கு எதிராக வேலை செய்தவர் முதல் ஆளாக வந்தால் முதல் ஆளாகவே பாருங்கள், தேர்தல் பேச்சை எடுக்க வேண்டாம். அப்புறம், செலவுக் கணக்கு. தோற்றவரும் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தோற்ற வருத்தத்தில் இதை மறந்து, அடுத்த தேர்தலுக்கான தகுதியை இழந்து நிற்காதீர்கள்.